கம்பி, கைகாட்டி, கெரசின் விளக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய கைகாட்டி சிக்னல்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: சிக்னல்களை இயக்கும் அறையான கேபினில் லீவரை இழுத்தால் எங்கோ தூரத்தில் கைகாட்டி இறங்குகிறது. நடுவில் கம்பி அறுந்துவிட்டால் கைகாட்டி இறங்கியபடியே நின்றுவிடாதா?

நிற்காது. கையை இறக்குவதுதான் கம்பியின் வேலை. அதைப் படுக்கை நிலையில், அதாவது 'நில்' என்ற நிலையில், வைத்திருப்பது ஓர் இரும்புக் குண்டு. கம்பத்தின் அடிப்பக்கம் ஒரு நெம்பும் அதன் நுனியில் இந்த எதிர் எடையும் இருக்கும். லீவரை இழுக்கும்போது கேபின்காரர் உண்மையில் அந்த எடையைத்தான் தூக்குகிறார். கம்பி அறுந்தால் எடை கீழே விழும், கை 'நில்' நிலைக்குப் போய்விடும். கம்பத்தோடு மேலே செல்லும் தண்டு முறிந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கண்ணாடிகள் பதித்த வார்ப்பிரும்புச் சட்டம் கையின் மறுபக்கத்தில் இருக்கிறதே, அதைக் கையைவிடக் கனமாகச் செய்திருப்பார்கள். தண்டு இல்லாவிட்டாலும் அந்தச் சட்டம் தாழும், கை எழும். பின்னால் வந்த, மேல்நோக்கி எழும் கைகாட்டிகளில் இந்தச் சுற்று வழியே வேண்டாம். விட்டால் கை தன் எடையாலேயே விழுந்து 'நில்' காட்டும்.

அறுந்த கம்பியைவிடச் சிக்கிய கம்பிதான் ஆபத்து. கப்பியில் எண்ணெய் வற்றியிருக்கலாம், கம்பி கப்பியை விட்டு விலகியிருக்கலாம், சரிந்த ஜல்லி கம்பியை அமுக்கியிருக்கலாம். லீவரைத் திருப்பிப் போட்டாலும் குண்டுக்குக் கம்பியை இழுக்கும் பலம் போதாது. கை பாதியில் தொங்கும். அதனால்தான் லீவரைப் போட்டவுடன் கையையோ, கை கண்ணுக்குத் தெரியாவிட்டால் கேபினில் உள்ள ரிப்பீட்டரையோ (கையின் நிலையைக் காட்டும் கருவி) பார்த்தே ஆகவேண்டும் என்று விதி. இங்கிலாந்தில் ஆபட்ஸ் ரிப்டனில் 1876 ஜனவரி 21 அன்று நடந்தது இதன் உச்சம். அந்தக் காலத்தில் அங்கே கை சாதாரணமாக 'போ' நிலையில், கம்பத்தில் வெட்டிய பிளவுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். பனி அந்தப் பிளவில் உறைந்தது, கம்பிகளிலும் படிந்து பாரமானது. சிக்னல்மேன் லீவரை 'நில்' என்று போட்டிருந்தார். வெளியே கை அசையவில்லை. எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியது, அந்தச் சிதைவில் இன்னொரு எக்ஸ்பிரஸ் வந்து மோதியது. அதற்குப் பிறகு பிளவுக் கம்பம் ஒழிந்தது. வண்டி வராத நேரத்தில் சிக்னல் 'நில்' நிலையிலேயே இருக்க வேண்டும் என்ற வழக்கம் உறுதியானது.

கேள்வி: வெயில் காலத்தில் கம்பி நீளுமே, சிக்னல் எப்படிச் சரியாக வேலை செய்தது?

தானாக வேலை செய்யவில்லை. ஒருவர் தினமும் அதைச் சரியாக வைத்திருந்தார்.

எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியஸ் வெப்பத்துக்குச் சுமார் 0.012 மி.மீ. நீளும். 1,000 மீட்டர் கம்பி, காலைக்கும் மதியத்துக்கும் 30 பாகை வித்தியாசம் என்று போட்டால் 36 செ.மீ. வருகிறது. லீவர் இழுத்துத் தரும் நீளத்தையே விழுங்கிவிடக்கூடிய அளவு இது. மதியம் லீவரை முழுசாக இழுத்தாலும் கை அரைகுறையாகத்தான் சாயும். அரைகுறைக் கையை டிரைவர் 'நில்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் வண்டி வீணாக நிற்கும். அது தாமதம், அவ்வளவுதான். இதற்கு நேர்மாறானதுதான் கவலைக்குரியது. மதிய வெயிலில் இழுத்துக் கட்டிய கம்பியை மாலையில் தளர்த்த மறந்தால், இரவுக் குளிரில் கம்பி சுருங்கி, யாரும் லீவரைத் தொடாமலே கை சற்றுத் தாழும். லீவருக்குப் பின்னால் இருக்கும் சக்கரமோ திருகோ சுற்றிக் கம்பியை இறுக்குவதும் தளர்த்துவதும் ஷிப்டுக்குப் பல முறை நடக்கும் வேலை. இரண்டு கம்பி முறையில் இந்தச் சிரமம் குறைவு: போகும் கம்பி, வரும் கம்பி இரண்டையும் தொங்கும் எடைகள் எப்போதும் விறைப்பாகவே வைத்திருக்கும்.

பாயிண்டுக்கு, அதாவது வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடத்துக்கு, கம்பி போதாது. தள்ளவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்பதால் ராடு, அதாவது இரும்புத் தண்டு. சுமார் 2 மீட்டருக்கு ஒரு உருளை வைத்து அதன் மேல் ராடை ஓட்டுவார்கள். இங்கே கணக்கு இன்னும் கடுமை. 300 மீட்டர் ராடு, அதே 30 பாகை: 108 மி.மீ. பாயிண்ட் நாக்கு (நகரும் தண்டவாள முனை) ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும் தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான்! சும்மா விட்டால் சூரியனே பாயிண்டை மாற்றிவிடும்.

இதற்குச் செய்த ஏற்பாடு, என் பார்வையில், பழைய சிக்னல் வேலையிலேயே அழகானது. ராடின் நடுவில் அதை வெட்டி, இரண்டு கிராங்குகளையும் (அச்சில் திரும்பும் வளைந்த நெம்புகள்) ஒரு சின்ன இணைப்பையும் போடுவார்கள். அதன் பெயர் காம்பன்சேட்டர். ஒரு பக்க ராடு தள்ளினால் மறுபக்க ராடு இழுபடும். வெயிலில் இரண்டு பாதிகளும் கிராங்கை நோக்கி ஒரே அளவு நீளும். கிராங்குகள் திரும்பி அந்த நீட்சியை வாங்கிக்கொள்ளும். பாயிண்ட் முனை அசையாது. மின்சாரம் இல்லை, சுருள்வில் இல்லை. பொருத்துபவர் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வழியில் திசை மாற்றும் வேறு கிராங்கு இருந்தால், அளவு நாடாவில் வரும் நடு இடம் சரியான இடம் ஆகாது. தள்ளும் பகுதியின் மொத்த நீளமும் இழுக்கும் பகுதியின் மொத்த நீளமும் சமமாக வர வேண்டும். இன்னொன்று, கிராங்குகள் நடுநிலையில் நிற்க வேண்டியது அந்த இடத்தின் சராசரி வெப்பத்தில். உச்சி வெயிலில் பொருத்திவிட்டு நடுநிலையில் வைத்தால், குளிர்காலத்தில் கிராங்கு ஒரு பக்கமாகக் கடைசிவரை போய் முட்டும்.

கேள்வி: பழைய சிக்னல் கம்பத்தில் பச்சைக்குப் பதில் நீலக் கண்ணாடி இருக்கிறதே, உடைந்ததை மாற்றும்போது தவறாகப் போட்டுவிட்டார்களா?

இல்லை. உள்ளே எரிவது கெரசின் விளக்கு. அதன் சுடர் மஞ்சள். நீலம் கலந்த கண்ணாடி வழியாக மஞ்சள் வெளிச்சம் வந்தால் தூரத்திலிருந்து பச்சையாகத் தெரியும்.

இன்னும் பழைய வழக்கத்தில் வெள்ளை வெளிச்சம்தான் 'போ'. பச்சை என்றால் 'எச்சரிக்கை'. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் விளக்கு வெள்ளையாகத் தெரியும், டிரைவர் 'போ' என்று எடுத்துக்கொள்வார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் வெள்ளையைக் கைவிட்டுப் பச்சையை 'போ' ஆக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் தினமும் ஏணியேறி எண்ணெய் ஊற்றித் திரி கத்தரித்தார்கள். பின்பு எட்டு நாள் எரியும் விளக்கு வந்ததும் லேம்ப்மேனின் நடை வாரத்துக்கு ஒரு முறையாயிற்று. ஏற்றியவுடன் சுடரைத் தாழ்வாகத்தான் வைக்க வேண்டும். விளக்கு சூடேறியதும் சுடர் தானே உயரும், முதலிலேயே உயர்த்தினால் புகைந்து கண்ணாடி கறுத்துவிடும். விளக்கின் முதுகில் ஒரு சிறு துளை உண்டு. கேபின்காரர் இரவில் பின்பக்கமிருந்து அந்தப் புள்ளி வெளிச்சத்தைப் பார்த்து விளக்கு எரிவதைத் தெரிந்துகொள்வார். கை சாயும்போது ஒரு தகடு அந்தத் துளையை மறைத்துவிடும், கை சாய்ந்ததும் அப்படியே தெரிந்துவிடும்.

கேள்வி: இன்டர்லாக்கிங் என்றால் என்ன? கேபின்காரர் பலசாலியாக இருந்தால் தவறான லீவரை இழுத்துவிட முடியாதா?

மூன்று லீவர் உள்ள சின்ன கேபினை நினைத்துக்கொள்ளுங்கள். 1 மெயின் லைன் சிக்னல், 2 லூப் லைன் (மெயினிலிருந்து பிரியும் பக்கப் பாதை) சிக்னல், 3 பாயிண்ட். பாயிண்ட் மெயினுக்கு இருந்தால்தான் 1 வர வேண்டும், அதாவது இழுபட வேண்டும், லூப்புக்கு இருந்தால்தான் 2 வர வேண்டும், 1-ம் 2-ம் சேர்ந்து வரவே கூடாது.

ஒவ்வொரு லீவரோடும் டேப்பட் என்ற தட்டையான எஃகுப் பட்டை ஒன்று நகரும். அதன் ஓரத்தில் சாய்வாக வெட்டிய பள்ளங்கள். இரண்டு டேப்பட்டுகளுக்கு நடுவே, முனை சாய்வாகச் சீவிய எஃகுத் துண்டு ஒன்று குறுக்கே நழுவக்கூடியபடி கிடக்கும். 1-ஐ இழுத்தால் அதன் பள்ளத்துச் சாய்வு அந்தத் துண்டைப் பக்கவாட்டில் தள்ளும். 3-ன் டேப்பட்டில் எதிரே பள்ளம் இருந்தால் துண்டு அதற்குள் போய் உட்காரும்; 1 வரும், அதோடு 3 பூட்டிக்கொள்ளும். எதிரே பள்ளம் இல்லாவிட்டால் துண்டுக்குப் போக இடமில்லை, 1 அசையாது. '1, 3-ஐப் பூட்டும்' என்றால் '3, 1-ஐப் பூட்டும்' என்பதும் தானே கிடைத்துவிடுகிறது. ஜான் சாக்ஸ்பி 1856-ல் காப்புரிமை வாங்கியது பாயிண்டையும் சிக்னலையும் இப்படிப் பிணைக்கும் எண்ணத்துக்குத்தான். டேப்பட் வடிவம் அதற்குப் பின்னால் வந்தது.

பலசாலி பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. லீவர் என்பதே நீண்ட நெம்புகோல். அதைப் பிடித்து உலுக்கினால் பூட்டுத் துண்டின் மீது மிகப் பெரிய விசை விழும், நாளடைவில் முனைகள் தேய்ந்து லீவர் கொஞ்சம் கொஞ்சமாக 'வர' ஆரம்பிக்கும். ஆகவே நல்ல கேபின்களில் பூட்டை லீவரோடு இணைக்காமல், லீவரின் பிடியில் விரலால் அழுத்தும் கொக்கிப் பிடியோடு இணைத்தார்கள். தவறான லீவர் என்றால் கொக்கியே விடுபடாது. உலுக்க வழியே இல்லை. சோதனைக்கு வருபவர் சரியான லீவர்களை இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார். வரக்கூடாத லீவர் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே இழுத்துப் பார்ப்பார்.

பாயிண்ட் லீவர் வந்துவிட்டது என்பதால் பாயிண்ட் நாக்கு ஒட்டிவிட்டது என்று அர்த்தமில்லை, நடுவில் ஜல்லிக்கல் சிக்கியிருக்கலாம். அதற்குத் தனியாக ஒரு பூட்டும், நாக்கு ஒட்டியிருக்கிறதா என்று சரிபார்க்கும் டிடெக்டரும் உண்டு. இந்திய ரயில்வேயில் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. தகட்டை வைத்துப் பார்ப்பார்கள். அந்த இடைவெளியோடு பாயிண்ட் பூட்டக்கூடாது.

கேள்வி: ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன்வரை போக அனுமதியாக, வளையத்தில் கட்டிய டோக்கனை டிரைவரிடம் கொடுப்பார்களே, இன்னொரு டோக்கனை எடுத்து எதிரிலிருந்து வரும் வண்டிக்கும் கொடுத்துவிட்டால்?

எடுக்க முடியாது. இரு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைந்தவை. எதிர் ஸ்டேஷன் மின்சாரம் அனுப்பினால்தான் இங்கே பூட்டு விடும். டோக்கன் ஒன்று வெளியே வந்ததும் கருவிக்குள் மின்சாரத்தின் திசை புரண்டுவிடும். இரண்டு கருவிகளும் ஒத்துப்போகாது, அடுத்த டோக்கன் எந்தப் பக்கமும் வராது. அதே டோக்கனை இங்கோ அங்கோ திரும்பப் போட்டால்தான் திசை மறுபடி பொருந்தும். தந்திச் செய்தியை மட்டும் நம்பி 1874-ல் இங்கிலாந்தில் நாரிச் அருகே தோர்ப்பில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள்; எட்வர்ட் டையர் 1878-ல் இத்தகைய கருவியைக் கொண்டுவந்தார்.

ஒரு திசையில் வண்டி அதிகம் போனால் ஒரு கருவி காலியாகி மற்றது நிரம்பும். அப்போது பராமரிப்பாளர் கருவியைத் திறந்து டோக்கன்களை எடுத்துப்போய் அங்கே போட்டுப் பதிவேட்டில் எழுதுவார். டோக்கனாகக் கோல் வைக்கும் எலெக்ட்ரிக் ஸ்டாஃப் கருவிகளில் எப்போதும் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் திசையைப் புரட்டுவதால், ஒற்றைப்படையில் மாற்றினால் கருவிகள் முரண்பட்டுப் பிரிவே முடங்கும்.

கேள்வி: இவ்வளவு பூட்டும் காப்பும் இருந்தும் விபத்துகள் நடந்தது ஏன்?

பூட்டு லீவரைத் தடுக்கும், களைப்பைத் தடுக்காது. 1861-ல் இங்கிலாந்தில் கிளேட்டன் சுரங்கப்பாதையில் 23 பேர் இறந்த அன்று, வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக அங்கிருந்த சிக்னல்மேன் 24 மணி நேர ஷிப்டில் இருந்தார். 1892-ல் தர்ஸ்க் அருகே மேனர் ஹவுஸில், முந்தின நாள் குழந்தையை இழந்து தூங்காதிருந்த சிக்னல்மேன் தனக்குப் பதில் ஆள் கேட்டார். கிடைக்கவில்லை. இரவு கேபினில் கண்ணயர்ந்தார். 10 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே ரயில்வே ஊழியர்களின் வேலை நேரம் பற்றி அங்கே சட்டம் வந்தது.

கேபின் எதிரிலேயே நிற்கும் வண்டியை மறப்பது இன்னொரு வகை. அதற்கு ஒரு எளிய சாமான் உண்டு: லீவர் காலர் என்ற இரும்பு வளையம். பாதையில் வண்டி நின்றால் அந்த சிக்னல் லீவரின் கொக்கிப் பிடியில் இதை மாட்டிவிட வேண்டும். மறந்து இழுக்கப் போனாலும் கை தட்டி நினைவு வரும். 1915 மே 22 அன்று ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில்லில் வளையம் கேபினில் இருந்தது, லீவரில் மாட்டப்படவில்லை. நின்றிருந்த வண்டியை மறந்து இன்னொரு வண்டிக்கு வழி விட்டார்கள். இறந்தவர்கள் 220-க்கும் மேல்.

கேள்வி: கேபின்காரர்கள் லீவரைத் துணி வைத்துப் பிடிப்பது கை வலிக்காமல் இருக்கவா?

லீவர் வலிக்காமல் இருக்க. மெருகிட்ட எஃகுப் பிடியில் வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். வெறுங்கையால் தொட்டவரை அடுத்த ஷிப்ட்காரர் சும்மா விட மாட்டார். இழுக்கும் முறையும் லீவருக்கு லீவர் வேறு: தூர சிக்னலுக்கு உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரே வீச்சில் இழுக்க வேண்டும், பாயிண்டுக்கு நிதானமாக, கடைசிவரை.