பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதியது வரவில்லை: வேலையைத் தொடரலாமா?

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் மென்பொருள் வேலை செய்து தருகிறேன். ஒப்பந்தம் போன மாதக் கடைசியோடு முடிந்துவிட்டது. 'புதுப்பிக்கச் சொல்லியாச்சு, பேப்பர் வந்துடும், நீங்க வேலையைப் பாருங்க' என்கிறார் மேலாளர். மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பணம் வருமா?

பதில்: பெரும்பாலும் வரும். எப்போது வரும், எந்தக் கட்டண விகிதத்தில் வரும் என்பதுதான் சிக்கல். கையெழுத்து இல்லை என்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. கேட்டு வாங்கிக்கொண்ட வேலைக்கு நியாயமான தொகை தர வேண்டும் என்றே பல நாட்டுச் சட்டங்களும் சொல்கின்றன. ஆனால் அதைச் சொல்லிப் பணம் வாங்க வழக்கு வரை போக வேண்டும். நடைமுறையில் உங்கள் பில்லை நிறுத்தப்போவது கணக்குப் பிரிவின் கணினி. பர்ச்சேஸ் ஆர்டர் (இந்த வேலையை இந்தத் தொகைக்கு வாங்குகிறோம் என்று நிறுவனம் தரும் கொள்முதல் ஆணை) காலாவதியாகியிருந்தால், அதன் பேரில் வரும் பில்லை அது திருப்பி அனுப்பிவிடும். மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கே அவர் பேச்சு எடுபடாது.

எனவே இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மேலாளருக்கு எழுதி, கொள்முதல் பிரிவுக்கும் நகல் வையுங்கள். 'இந்த எண்ணுள்ள ஒப்பந்தம் இந்தத் தேதியில் முடிந்தது. தங்கள் கோரிக்கையின்படி, மறுநாளிலிருந்து அதே விகிதத்திலும் அதே நிபந்தனைகளிலும் வேலையைத் தொடர்கிறேன். புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இதுவே பொருந்தும் என்று உறுதிப்படுத்துங்கள்' என்ற அளவு போதும். 'மறுப்பு இருந்தால் தெரிவிக்கவும்' என்று முடிக்காதீர்கள். பதில் வராவிட்டால் சம்மதித்தார்கள் என்று பொதுவாக வாதாட முடியாது. 'சரி' என்ற ஒற்றைச் சொல்லாவது எழுத்தில் வரட்டும்.

அதே அஞ்சலில் பர்ச்சேஸ் ஆர்டரை நீட்டிக்கவும் கேளுங்கள். ஒப்பந்தம் வேறு, ஆர்டர் வேறு. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது தானாக நீளாது. இழுபறி நீடிக்கும் என்று தெரிந்தால், முழு ஒப்பந்தத்துக்குக் காத்திருக்காமல் ஒரு பக்க நீட்டிப்புக் கடிதம் கேளுங்கள். முடிவுத் தேதியை 30 நாள் தள்ளி, மற்ற நிபந்தனைகள் மாறவில்லை என்று இரு தரப்பும் கையெழுத்திட்டால் போதும். சட்டப் பிரிவு மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்க அதில் ஒன்றும் இருக்காது.

இந்த இடைவெளியில் நேரக் கணக்கை வாரந்தோறும் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். எழுத்தில் உறுதி வராவிட்டால் எந்தத் தேதியில் வேலையை நிறுத்துவீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செய்து முடித்துக் கொடுத்த பிறகு பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: புதுப்பித்த ஒப்பந்தம் 22 பக்கத்தில் வந்திருக்கிறது. 'பழையதேதான், தேதி மட்டும் மாற்றம்' என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: தேதி மட்டும் மாறியிருந்தால் ஒரு பக்கக் கடிதமே போதுமே, 22 பக்கம் எதற்கு? பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். வேர்டில் அதற்கென்றே வசதி உண்டு. பிரிவு எண்கள் மாறியிருந்தால் திரை முழுக்கச் சிவப்பாகத் தெரியும், மிரள வேண்டாம். பணம் தரும் கெடு 30 நாளிலிருந்து 60 ஆகியிருக்கிறதா, விலகுவதற்கு உங்களுக்கு 30 நாள் நோட்டீஸ் கேட்டுவிட்டு அவர்களுக்கு 7 நாள்தான் வைத்திருக்கிறார்களா, நீங்கள் தர வேண்டி வரும் நஷ்ட ஈட்டுக்கு இருந்த உச்சவரம்பு காணாமல் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் முன்பே எழுதி வைத்திருந்த மென்பொருள் கருவிகளும் அவர்களுக்கே சொந்தம் என்ற வரி நுழைந்திருந்தால், அவற்றைப் பட்டியலிட்டு விலக்கு கேளுங்கள்.

கடைசிப் பக்கத்தில் 'இதற்கு முந்தைய எல்லாப் பேச்சுகளுக்கும் உடன்பாடுகளுக்கும் பதிலாக இதுவே முழு ஒப்பந்தம்' என்ற வரி அநேகமாக இருக்கும். இடைப்பட்ட வாரங்களுக்கு மின்னஞ்சலில் வாங்கிய 'சரி'யை இந்த வரி விழுங்கிவிடக்கூடும். அந்த வாரங்களும் அவற்றுக்கான விகிதமும் ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கட்டும். இதற்கு, 'அமலுக்கு வரும் தேதி' என்று பழையது முடிந்த மறுநாளைக் குறித்தால் சரியாகிவிடும். கையெழுத்தின் அருகே மட்டும் கையெழுத்திடும் நாளையே எழுதுங்கள். அங்கே பழைய தேதி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது பொய்ப் பதிவு.

கேள்வி: புதுப்பிக்கும் பேச்சை எப்போது தொடங்குவது?

பதில்: முடிவுக்கு 60 நாள் முன்பு. விகிதத்தை உயர்த்திக் கேட்பதாக இருந்தால் அப்போதே கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் மிரட்டல் போலத் தெரியும். 30 நாள் இருக்கும்போது வரைவு கைக்கு வந்திருக்க வேண்டும். 14 நாள் இருக்கும்போதும் கையெழுத்தாகவில்லை என்றால் நீட்டிப்புக் கடிதம் கேளுங்கள். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தமாக இருந்தால் கணக்கு வேறு. வேண்டாம் என்று சொல்லும் கெடு, சிலவற்றில் 90 நாள் முன்பே முடிந்துவிடும்.