ஒரே ரிமோட்டில் எல்லாம்: கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டையில் டிவி, ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் செய்கிறேன். யுனிவர்சல் ரிமோட் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. கேட்டவர்களின் பெயருக்குப் பதில் ஏரியா பெயரைப் போட்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புது ரிமோட் வந்த சந்தோஷத்தில் பழைய ரிமோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கொருக்குப்பேட்டை: அண்ணா, ஒரே பட்டனில் டிவி, செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் மூன்றும் ஆன் ஆகிற மாதிரி மேக்ரோ போட்டேன். சில நாள் டிவி ஆன் ஆனால் ஹோம் தியேட்டர் ஆஃப் ஆகிறது. ரிமோட் டூப்ளிகேட்டா?

ரிமோட் மேல் தப்பில்லை தம்பி. உங்கள் பழைய ரிமோட்டில் பவர் பட்டன் ஒன்றுதானே? அணைந்திருந்தால் ஆன், எரிந்தால் ஆஃப், இரண்டுக்கும் அதே சிக்னல். ரிமோட்டுக்குக் கண் கிடையாது, எது ஏற்கெனவே ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. முந்தின ராத்திரி யாரோ ஹோம் தியேட்டரை அணைக்காமல் தூங்கப் போயிருப்பார்கள்.

ஆனுக்கு ஒன்று, ஆஃபுக்கு ஒன்று என்று தனித்தனி சிக்னல் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது. பழைய ரிமோட்டில் அந்தப் பட்டன் இல்லாவிட்டாலும் பல டிவிகள் அந்த சிக்னல்களைப் புரிந்துகொள்ளும். அப்புறம், டிவி ஆன் ஆன உடனே அடுத்த கட்டளையை வாங்காது. இன்புட் மாற்றும் கட்டளைக்கு முன்னால் சில விநாடி இடைவெளி போடுங்கள்.

வியாசர்பாடி: இவ்வளவு பாடு எதற்கு? ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியாக ஒரு பெட்டி இன்னொன்றை இயக்கும் சிஇசி வசதியை ஆன் செய்தால் டிவி ரிமோட்டே போதுமே.

சாம்சங்கில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்ளிங்க் என்று பெயர்தான் வேறு, எல்லாம் சிஇசிதான். புது சவுண்ட்பார் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கொருக்குப்பேட்டைத் தம்பி வைத்திருப்பது சிவப்பு, வெள்ளை ஒயர் சொருகும் பழைய செட் என்று அவர் அனுப்பிய போட்டோவிலேயே தெரிகிறது. அதில் சிஇசி வராது.

திருவொற்றியூர்: சிஇசி போட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பையன் கேம் பாக்ஸை ஆன் செய்தால் நான் பார்க்கிற மேட்ச் போய்விடுகிறது!

வியாசர்பாடி: அது செட்டிங்ஸ் பிரச்சினை சார். சிஇசியைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. திருவொற்றியூர் சார், கேம் பாக்ஸின் மெனுவில் மட்டும் சிஇசியை ஆஃப் செய்யுங்கள், டிவியில் இருக்கட்டும்.

பெரம்பூர்: ஃபயர் ஸ்டிக் ரிமோட்டை, வேறு ரிமோட்டின் சிக்னலைப் பதிந்துகொள்ளும் லேர்னிங் ரிமோட்டுக்குச் சொல்லித்தர முடியவில்லை.

ஸ்டிக்குக்குப் போவது ப்ளூடூத். லேர்னிங் ரிமோட் படிப்பது அகச்சிவப்பு ஒளியை மட்டும்தான். எந்த ரிமோட் எந்த வகை என்று பார்க்க, செல்போனின் செல்ஃபி கேமராவை ரிமோட்டின் முனைக்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். ஊதாவாக மினுக்கினால் அந்தப் பட்டன் அகச்சிவப்பு. ஃபயர் ஸ்டிக் ரிமோட்டிலேயே டிவி வால்யூம் பட்டன் மினுக்கும், அம்புக்குறி பட்டன் மினுக்காது.

ராயபுரம்: தம்பி, பழைய பிலிப்ஸ் டிவி. புது ரிமோட்டில் சேனல் 12 போடலாம், 11 போட்டால் 1 மட்டும் விழுகிறது.

நல்ல கேள்வி அக்கா. அந்தக் காலத்து பிலிப்ஸ் டிவிகளில் ஆர்சி-5 என்ற முறை. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் சிக்னலில் ஒரு பிட் (0 அல்லது 1) மாறும். அது மாறாவிட்டால், நீங்கள் விரலை எடுக்காமல் பிடித்திருப்பதாக டிவி நினைத்துக்கொள்ளும். லேர்னிங் ரிமோட் ஒரு தடவை பதிந்ததையே திரும்பத் திரும்ப அனுப்புவதால் இரண்டாவது 1 விழாது. லேர்ன் செய்ததை அழித்துவிட்டு, ரிமோட்டுக்குள்ளேயே இருக்கும் பிலிப்ஸ் கோடு எண்ணைப் போடுங்கள்.

மூலக்கடை: ஏசி ரிமோட்டில் ப்ளஸ் பட்டனை லேர்ன் செய்தேன், எத்தனை தடவை அழுத்தினாலும் 25-தான்.

ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மோட், டிகிரி, ஃபேன் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பும். நீங்கள் பதிந்தது "25 வை" என்ற கட்டளை. 24, 26 என்று தனித்தனிப் பட்டனில் பதியுங்கள்.

கொடுங்கையூர்: என் டிவிக்குக் கோடு என்ன?

இதோடு மூன்று பேர் கேட்டாச்சு. ஒவ்வொரு ரிமோட்டுக்கும் கோடு வேறு, கூட வந்த தாளைப் பாருங்கள். தாள் இல்லையா, பழைய ரிமோட்டை இரண்டு விரல் தூரத்தில் முனைக்கு முனை வைத்து லேர்ன் செய்யுங்கள். பழைய ரிமோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

காசிமேடு: அம்மாவுக்கு 70 வயது. பட்டன் அதிகமாக இருந்தால் குழம்புகிறார்.

பவர், வால்யூம் இரண்டு, சேனல் இரண்டு, ஆக ஐந்து பட்டன் மட்டும் பதியுங்கள். பவர் பட்டனில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள், கண்ணாடி போடாமலே அம்மா கண்டுபிடித்துவிடுவார். பழைய ரிமோட்டுகளை பேட்டரி கழற்றி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோவில் வையுங்கள். உங்கள் பக்கம் உப்புக்காற்று, கவர் இல்லாமல் வைத்தால் ஸ்பிரிங் பச்சை பிடித்துவிடும்.