களிப்பு, களியாட்டம், களிறு: சொற்பிறப்புக் கேள்வி பதில்

கேள்வி: களிப்பு என்றால் மகிழ்ச்சிதானே ஐயா? அதைக் கள்ளோடு ஏன் முடிச்சுப் போடுகிறார்கள்?

பதில்: குறளைப் புரட்டிப் பாருங்கள். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வரும் 'சான்றோர் முகத்துக் களி' (923) குடிவெறியைச் சொல்கிறது. 'களித்தானைக் காரணம் காட்டுதல்' (929) என்றால் குடித்துக் கிடப்பவனுக்கு நியாயம் எடுத்துச் சொல்வது. தண்ணீரில் முங்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவதற்குச் சமம் என்கிறார். இங்கே மகிழ்ச்சி என்று பொருள் வைத்தால் குறளே கவிழ்ந்துவிடும். 'களித்தொறும் கள்ளுண்டல் வேட்டற்றால்' (1145) என்ற ஒரே அடியில் கள்ளும் களிப்பும் சேர்ந்தே நிற்கின்றன. வெறி என்ற பொருள் தேய்ந்து, மகிழ்ச்சி மட்டும் தங்கியது பிற்பாடு. மலையாளத்தில் இன்னும் ஒரு படி தாண்டி, களி என்றாலே விளையாட்டு, ஆட்டம். கதகளியில் இருப்பது அதுதான்.

கேள்வி: அப்படியானால் திருவாதிரைக் களியும் கொண்டாட்டக் களிதானா?

பதில்: இல்லை. நம் ஊரில் அரிசியை வறுத்து உடைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்த்துக் கிண்டுகிறோம். குழைவாக இருப்பதால் களி. கேரளத்தில் அதே திருவாதிரைக்குப் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி ஆடுவது திருவாதிரக்களி. நாளும் பெயரும் ஒன்று, சொல் வேறு. ஒலி ஒத்தால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: களிமண்?

பதில்: குழைவுக் களி. மேலே சொன்னதுதான்.

கேள்வி: குதூகலம் தமிழ்ச் சொல்லா?

பதில்: வடசொல். அங்கே அதற்கு ஆர்வம், அறியும் ஆவல் என்று பொருள். தமிழுக்கு வந்தபின் துள்ளல் மகிழ்ச்சியாகிவிட்டது.

கேள்வி: மதம் பிடித்துக் களிப்பதால்தான் களிறு என்று பள்ளியில் படித்தோமே?

பதில்: கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தொல்காப்பிய மரபியல், களிறு யானைக்குச் சிறப்பாக உரியது என்று சொன்ன கையோடு, 'கேழற்கண்ணும் கடிவரை இன்றே' என்கிறது. கேழல் என்றால் பன்றி. ஆண் பன்றியையும் களிறு எனலாம். பன்றிக்கு ஏது மதநீர்?

கேள்வி: யானைக்கு வைத்த பெயரைப் பிறகு பன்றிக்கும் நீட்டியிருக்கலாமே?

பதில்: நல்ல மறுப்பு, தள்ள மாட்டேன். ஆனால் யானைக்குத்தான் முதலில் வைத்தார்கள் என்பதை நீங்கள் காட்ட வேண்டும். 'கடிவரை இன்றே' என்றால் விலக்கு இல்லை என்பது மட்டுமே. எது முந்தியது என்று நூற்பா சொல்லவில்லை. எந்தச் சொல்லையும் பிரிக்குமுன் மூன்றைப் பாருங்கள்: கிடைக்கும் மிகப் பழைய ஆட்சி, அந்த இடத்துக்கு உரைகாரர் எழுதிய பொருள், மலையாளத்திலும் கன்னடத்திலும் அதன் உறவுச் சொல். ஒலியைக் கடைசியில் வையுங்கள்.

கேள்வி: களிப்புக்கு முன் விளையாட்டுக்கு வேறு சொல் இருந்ததா?

பதில்: முன்பா என்பது வேறு கேள்வி. பழஞ்சொல் உண்டு: 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு', தொல்காப்பிய உரியியல். கெடவரல், பண்ணை என்ற இரண்டு சொல்லுக்கும் விளையாட்டு என்றே பொருள். ஆம், பண்ணை. கோழிப் பண்ணைக்கும் இதற்கும் உறவா என்று அடுத்து யாரோ கேட்கப் போகிறீர்கள்.

கேள்வி: ராகிக் களிக்கும் களிப்புக்கும்...

பதில்: திருவாதிரைக் கேள்வியின் பதிலைப் படியுங்கள்.