வால்பாறை கிளம்பும் முன்: ஹலால் சுற்றுலா கேள்வி பதில்

திருப்பூர் சகோதரர்: ஹஜ்ரத், வால்பாறையில ஹலால் கடை கிடைக்கலைன்னா என்னங்க பண்றது?

சைவ மெஸ்ஸில் சாப்பிடுங்கள். சோறு, பருப்பு, ரசத்தில் யோசிக்க ஒன்றுமே இல்லை. கறி என்றால் மட்டும் அறுத்தது யார் என்று மரியாதையாகக் கேளுங்கள், சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: கஸ்ர், அதாவது பயணத்தில் சுருக்கித் தொழுவது, செய்யலாமா? மதிய ளுஹரையும் மாலை அஸரையும் சேர்த்துத் தொழலாமா?

கஸ்ருக்குச் சுமார் 80 கி.மீ. தூரம் வேண்டும், ஈரோட்டுக்காரருக்கு வால்பாறை அதைத் தாராளமாகத் தாண்டும். ஊர் எல்லையைக் கடந்ததும் ளுஹர், அஸர், இரவு இஷா ஆகியவை நான்குக்குப் பதில் இரண்டிரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று). அதிகாலை சுப்ஹும் அந்தி மஃரிபும் குறையாது, வழக்கம்போலத்தான். உள்ளூர் இமாம் பின்னால் நின்றால் நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும். சேர்த்துத் தொழுவது ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) உண்டு. நம் பக்கத்து ராவுத்தர் வீடுகள் பெரும்பாலும் ஹனஃபி, அதில் இந்தப் பயணத்துக்குக் கிடையாது.

கோவை கரும்புக்கடையிலிருந்து: மலைப்பாதையில் நேரமாகிவிட்டால் ஓரமாக வண்டியை நிறுத்தித் தொழலாமா அண்ணா?

இதைக் கேட்டதற்கு நன்றி தம்பி, எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம் இது. ஆழியாரிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில், காட்சிமுனைப் பக்கம், ஒரு வேன் பாதி ரோட்டை அடைத்து நிற்க, தார் ஓரத்திலேயே முஸல்லா (தொழுகை விரிப்பு) விரித்துத் தொழுதார்கள். மேலிருந்து இறங்கிய பஸ் திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்று நபி (ஸல்) சொல்லியிருக்க, தொழுகைக்காக நாமே இடைஞ்சலாக நிற்கலாமா? பொள்ளாச்சியில் ளுஹரை முடித்துவிட்டு மலை ஏறுங்கள், அஸருக்கு வால்பாறை டவுன் பள்ளிவாசலுக்குப் போய்விடலாம்.

அந்த வேன்காரர்கள் கிளம்பிப் போன இடத்தில் ஒரு வரையாடு பிரியாணிப் பொட்டலத்தின் கவரை மென்றுகொண்டிருந்தது, இழுக்கப் பார்த்தேன், பாறை மேல் ஏறிவிட்டது. அந்தக் கவர் அதன் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று யோசியுங்கள். பிரியாணி ஹலால்தான், ஆனால் வாயில்லா ஜீவனுக்குச் செய்த அநியாயத்துக்கும் மறுமையில் கேள்வி உண்டு. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸ் நமக்குத் தெரியாததா? அப்புறம், நீர்நிலை ஓரம், நடைபாதை, நிழல் இந்த மூன்று இடத்திலும் மலஜலம் கழிப்பதையும் நபியவர்கள் கண்டித்திருக்கிறார்கள். ஆற்றோரம் இறங்கும்போது பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

கரூர் சகோதரி: தேயிலை பறிக்கிற அம்மாக்களோட போட்டோ எடுக்கலாங்களா?

கேட்டு, அவர்கள் மனதாரச் சரி என்றால் எடுங்கள். பார்வையைத் தாழ்த்தச் சொன்னது செல்போன் கேமராவுக்கும் சேர்த்துத்தான். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. அடுத்தவர் வீட்டில் அனுமதியும் ஸலாமும் இல்லாமல் நுழையாதீர்கள் என்று குர்ஆனின் நூர் சூராவிலேயே (அத்தியாயத்திலேயே) இருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து: ஆபீஸ் டூரில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் வண்டி நின்றால்?

வெளியே இருந்து கூட வந்தவர்கள் செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வணங்குவதை ஏசாதீர்கள் என்பது குர்ஆன் (6:108), முகம் சுளிப்பதும் வேண்டாம். பிரசாதம் நீட்டினால், எங்களுக்குப் பழக்கமில்லைங்க என்று சிரித்த முகமாகச் சொல்லுங்கள், நம் ஊர்க்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.