கார்ல் ஜூனின் ஆய்வு வாழ்க்கை: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பல வருடமாக டி செல் (நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை ரத்த அணு) ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நோயாளியின் டி செல்களையே எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றித் திரும்பச் செலுத்துவதுதான் கார்-டி சிகிச்சை. அதை நோயாளிகள் வரை கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரான கார்ல் ஜூன் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கடற்படை மருத்துவர் புற்றுநோய் ஆய்வுக்கு எப்படி வந்தார்?

சுற்றிச் சுற்றித்தான் வந்தார். 1975இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பட்டம், அப்புறம் மருத்துவப் படிப்பு. அணுக் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றத் தெரிந்தவர்கள் கடற்படைக்கு வேண்டியிருந்ததால் சியாட்டிலுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் அங்கே தொற்றுநோய் ஆய்வுக்குத்தான் வாய்ப்பு, அதனால் எச்ஐவியை எடுத்துக்கொண்டார். அந்தக் கிருமி அழிப்பது டி செல்களை; அவற்றை உடலுக்கு வெளியே பெருக்க வழி வேண்டும் என்று தேடி, அவரும் புரூஸ் லெவினும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கில் ஒட்டிக்கொள்ளும் புரதம்) பூசிய நுண்மணிகளால் டி செல்களைத் தூண்டும் முறையை உருவாக்கினார்கள். இன்றைக்கும் நான் வேலையை ஆரம்பிக்கும்போது கையில் எடுப்பது அப்படிப்பட்ட மணிகள் இருக்கும் புட்டியைத்தான். டி செல்லுக்குள் புது மரபணுவைக் கொண்டுபோன வாகனமும் எச்ஐவியிலிருந்து வந்ததே, நோய் உண்டாக்கும் பகுதிகளை எடுத்துவிட்ட லென்டிவைரஸ். வேறு வழியில்லாமல் எடுத்த தலைப்பு என்று நினைத்தால், பிற்காலத்தில் தேவைப்பட்ட இரண்டு கருவிகளும் அதிலிருந்தே கிடைத்திருக்கின்றன.

கேள்வி: டி செல்லுக்குப் புற்றுச் செல்லைக் காட்டிக்கொடுக்கும் கார் என்ற செயற்கை ஏற்பி அவருடைய கண்டுபிடிப்பா?

இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். ஆன்டிபாடியின் அடையாளம் காணும் பகுதியை டி செல்லோடு இணைக்கும் வேலையை இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் செலிக் எஷார் குழு 1989இல் வெளியிட்டது. செல்கள் நீடித்து உழைக்க உதவும் 4-1பிபி பகுதியைச் சேர்த்தது டாரியோ கம்பானா குழு. ஜூன் குழு செய்தது அதை மனிதர்களிடம் வேலை செய்யவைத்தது. அது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: முதல் நோயாளிகளுக்கு என்ன ஆயிற்று?

2010இல் முற்றிய ரத்தப் புற்றுநோய் உள்ள மூன்று பேருக்குக் கொடுத்தார்கள், அதோடு பணம் தீர்ந்துவிட்டது. இருவருக்கு நோய் முற்றிலும் மறைந்தது. செலுத்திய ஒவ்வொரு கார்-டி செல்லும், பெருகிய தன் வாரிசுகளோடு சேர்த்து, சராசரியாக ஆயிரம் புற்றுச் செல்களையாவது அழித்திருக்கும் என்று 2011இல் எழுதினார்கள். மாத்திரை உடம்பில் போகப்போகக் குறையும், இது பெருகும். பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

கேள்வி: எமிலி வைட்ஹெட் கதை உண்மையா?

உண்மை. 2012இல் இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை அவள். டி செல்கள் கொட்டிய சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களால் கடும் காய்ச்சல் வந்து வெண்டிலேட்டர் வரை போய்விட்டாள். ரத்தத்தைச் சோதித்ததில் அப்படிப்பட்ட புரதங்களில் ஒன்றான ஐஎல்-6 எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால், ஐஎல்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொடுத்தார்கள், சீக்கிரமே தேறினாள். கண் விழித்தது தன் ஏழாவது பிறந்தநாளில். அவள் இறந்திருந்தால் இந்தத் துறையே பல வருடம் முடங்கிப்போயிருக்கும். 2017 ஆகஸ்டில் அமெரிக்கா முதல் கார்-டி சிகிச்சையை அங்கீகரித்தது.

கேள்வி: முடங்கியிருக்கும் என்பது மிகை இல்லையா?

இல்லை. 1999இல் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர், கல்லீரல் நொதிக் குறைபாட்டுக்கான மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் இறந்தார். அதில் மரபணுவைச் சுமந்த அடினோவைரஸை அவருடைய நோயெதிர்ப்பு அமைப்பு மூர்க்கமாக எதிர்த்தது. அதற்குப் பிறகு மரபணு சிகிச்சைக்கே பணமும் நம்பிக்கையும் வற்றிவிட்டன. அதே 1999இல்தான் ஜூன் அந்தப் பரிசோதனை நடந்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

கேள்வி: திடக் கட்டிகளுக்கு ஏன் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை?

ரத்தப் புற்றில் குறிவைக்கும் சிடி19 என்ற புரதம் ஆன்டிபாடி உருவாக்கும் நல்ல பி செல்களிலும் இருக்கிறது, அவையும் சேர்ந்து போகும். ஆனால் ஆன்டிபாடி ஏற்றி மனிதர் வாழ முடியும். கட்டிகளில் இருக்கும் குறிகள் நுரையீரலிலோ இதயத்திலோ இருந்தால் என்ன செய்வது? ஜூனின் முதல் மனைவி சினைப்பைப் புற்றுநோயால் 2001இல் இறந்தார், அதுவும் திடக் கட்டிதான். ரத்தப் புற்றில் கிடைத்த வெற்றி அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கும் வருத்தமான விஷயம்.

கேள்வி: இந்தத் துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

நோயெதிர்ப்பியல் படியுங்கள், வைராலஜியும் கொஞ்சம். ஆனால் முதலில் செல் வளர்ப்பில் கை பழகட்டும்.

கேள்வி: குணமாகிவிட்டது என்று சொல்லலாமா?

அந்த முதல் மூவரில் இருவரின் ரத்தத்தில் பத்து வருடம் கழித்தும் கார்-டி செல்கள் உயிரோடு இருந்ததை 2022இல் வெளியிட்டார்கள், புற்றுநோய் திரும்பியிருக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை நான் குணம் என்றே சொல்வேன். எங்களை ஆச்சரியப்படுத்தியது வேறு: கடைசிவரை நிலைத்தவை கொல்லும் வகை என்று நாங்கள் எண்ணிய சிடி8 செல்கள் இல்லை, பெரும்பாலும் உதவி செல்கள் என்று படித்த சிடி4. அவையே கொல்லவும் செய்கின்றன. எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கின்றன என்பதைத்தான் இப்போது என் மேசையிலும் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.