ராஜபார்ட்டுக்கு எவ்வளவு?

கேள்வி: அஞ்சல் துறையில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பணியில் சேர்ந்த புதிதில் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன். இப்போது பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு தொலைக்காட்சியில், வெளியிலிருந்து அழைத்து வந்த ஒரு நெறியாளர் தினமும் நிகழ்ச்சி நடத்துகிறார். அவருக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது எங்கும் அச்சில் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப்போகிறேன் என்றேன். "அடுத்தவர் சம்பளத்தைக் கேட்பது என்ன பழக்கம் மாமா?" என்கிறார் மாப்பிள்ளை. என் தங்கை மகள் ஒரு பொது வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளர். மாதத்தில் ஆறு முறைதான் பணி. "நீங்கள் கேட்டால் என் தலையில்தான் விடியும் மாமா" என்று அவள் அழுகிறாள். ரேடியோ வைத்திருப்பதற்கான லைசென்ஸ் கட்டணமே இல்லாமல் போய்விட்ட காலத்தில் கேட்க எனக்கு உரிமை உண்டா? கேட்கலாமா?
(வாசகர், திருப்பரங்குன்றம்)

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தில் இருந்த தொலைக்காட்சியின் பெயரையும் நெறியாளரின் பெயரையும் எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். தொகையே தெரியாத நிலையில் அவர் மீது நமக்கு ஒரு புகாரும் இல்லை.

முதலில் மாப்பிள்ளையை விசாரித்துவிடுவோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் என்ன வருகிறது?" என்று கேட்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். அதைக் கெட்ட பழக்கம் என்று மாப்பிள்ளை சொன்னால் நானும் அவர் கட்சிதான். ஆனால் உங்கள் கேள்வி அந்தப் பந்தியைச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது ஊர் கூடும் மந்தையைச் சேர்ந்தது.

என் அம்மாவின் ஊர் மேலூர்ப் பக்கம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். சாமி மலையேறிய சில நாளில் மந்தைச் சாவடியில் கணக்கு வாசிப்பு. அட்டையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நோட்டு ஒன்று. கமிட்டிக்காரர் விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, "மைக்செட் இவ்வளவு, வாணவேடிக்கை இவ்வளவு" என்று வாசித்துக்கொண்டே வந்து வள்ளி திருமணம் நாடகத்தில் குரலை உயர்த்துவார். மதுரையிலிருந்து வரும் ஸ்பெஷல் நாடகத்துக்கு நிரந்தரக் கம்பெனி கிடையாது; நடிகர்களைத் தனித்தனியாகப் பேசித்தான் அமர்த்த வேண்டும். அதனால் நோட்டிலும் ராஜபார்ட் என்ற நாயக வேஷம், ஸ்திரீபார்ட் என்ற நாயகி வேஷம், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஆளுக்கு ஒரு வரி. ஒரு வருடம் ராஜபார்ட்டைவிட வள்ளிக்கு ஆயிரம் ரூபாய் குறைவாக வாசித்தார்கள். ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி தலை தூக்காமலே கேட்டாள்: "வள்ளி வராவிட்டால் முருகன் யாரைக் கட்டியிருப்பான்?"

மந்தையே சிரித்தது. கமிட்டிக்காரர் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மேடைக்குப் புதிது, ராஜபார்ட் முப்பது வருடமாக வேஷம் கட்டுகிறவர், ஏஜென்ட் இந்தத் தொகைக்குத்தான் ஒப்புக்கொண்டார் என்று மூன்று காரணம் சொன்னார். கிழவி சமாதானம் ஆனாளா என்பது வேறு விஷயம். அடுத்த வரி, ஜெனரேட்டர்.

அந்த ராஜபார்ட் நடிகர் இதனால் மானம் போனதாகக் கருதி மறு வருடம் வராமல் இருந்துவிடவில்லை. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லையே! நோட்டை வைத்திருந்தவரைத்தான் கேட்டார்கள். உங்கள் மனுவும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் போக வேண்டும். நெறியாளரை ஓரமாக விட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்தவர் யார், எந்த விதியின் கீழ் கொடுத்தார் என்பதைக் கேளுங்கள்.

இந்த வழக்கு வெளிநாடுகளில் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. பிரிட்டனில் இன்றும் லைசென்ஸ் கட்டணம் உண்டு. பிபிசி அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. பெயர்களை வெளியிட்டால் போட்டி நிறுவனங்கள் ஆட்களைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பிபிசி நிர்வாகம் வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை. 2017 ஜூலையில், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கும் 96 பேரின் பட்டியல் வெளியானது. முதலிடத்தில் இருந்த ஆணுக்கு 22 லட்சம் பவுண்டுக்கு மேல். பெண்களில் முதலிடத்தில் இருந்தவருக்கு ஐந்து லட்சத்துக்கும் கீழே. பட்டியலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பெண்கள். மேலூர்க் கிழவியின் கேள்வியை அங்கே படித்த பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். சீனாவுக்கான ஆசிரியராக இருந்த கேரி கிரேசி, தன்னைப் போன்ற பொறுப்பில் உள்ள ஆண்களுக்குக் கூடுதல் சம்பளம் என்று தெரிந்ததும் 2018 ஜனவரியில் அந்தப் பதவியைவிட்டு விலகினார். சில மாதங்களில் பிபிசி மன்னிப்புக் கேட்டு நிலுவையைக் கொடுத்தது. அவர் அந்தப் பணத்தைப் பெண்கள் உரிமைக்காகப் போராடும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

இதோடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. தயாரிப்பு நிறுவனங்கள் வழியாகப் பணம் பெறுகிறவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வர வேண்டியதில்லை. அதனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் திரையில் முகம் தெரிந்த சிலருக்குப் பட்டியலில் பெயர் தெரியவில்லை. வெளியிலிருந்து அழைத்து வந்தவர் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

அயர்லாந்து இன்னும் சுவாரசியம். அங்கே ஆர்டிஇ என்ற பொது ஒலிபரப்பு நிறுவனம் அதிகச் சம்பளம் வாங்கும் தொகுப்பாளர்களின் தொகையைத் தானாகவே வெளியிட்டு வந்தது. வெளிப்படைத்தன்மைக்கு உதாரணம் என்று மேடையில் பேசலாம் போல இருந்தது. 2023 ஜூனில் குட்டு உடைந்தது. ரையன் டப்ரிடி என்ற முன்னணித் தொகுப்பாளருக்கு 2017 முதல் 2022 வரை கொடுத்ததில் 3,45,000 யூரோ வெளியிட்ட கணக்கில் வரவில்லை. அதில் ஒரு பகுதி, விளம்பரத்துக்குப் பண்டமாற்றாகப் பொருளும் சேவையும் பெறும் ஒரு தனிக் கணக்கின் வழியாகப் போயிருந்தது. தலைமை இயக்குநர் பதவி விலகினார். நாடாளுமன்றக் குழு அந்தக் கணக்கைக் கிளறியபோது, ஒரு விருந்துக்கு ரப்பர் செருப்பு வாங்க ஏறக்குறைய 5,000 யூரோ செலவு செய்ததும் வெளியே வந்தது. மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்தைவிட அந்தச் செருப்புதான் மக்களுக்குக் கோபத்தைக் கிளப்பியது என்று நினைக்கிறேன். செருப்பின் விலை எல்லோருக்கும் தெரியும் அல்லவா? ஏராளமானோர் 160 யூரோ லைசென்ஸ் கட்டணத்தைக் கட்டாமல் விட்டார்கள்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு ஒரே ஒரு தொகையைத் தட்டச்சு செய்து அனுப்பினால் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஆர்டிஇ கூடத் தொகையைச் சொல்லத்தான் செய்தது.

இனி உங்கள் உரிமை. லைசென்ஸ் கட்டணம் போனால் என்ன, நீங்கள் வாங்கும் சோப்பில்கூட வரி இருக்கிறது. அந்த வாதம்கூட உங்களுக்குத் தேவையில்லை. 2005-ஆம் ஆண்டின் சட்டப்படி, கேட்பவர் குடிமகனாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்க முடியாது. இந்தியாவுக்கு அந்தச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1997-இல், தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது. மாப்பிள்ளையிடம் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லலாம்.

சட்டத்தின் 4-ஆவது பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் தன் அதிகாரிகள், ஊழியர்களின் மாதச் சம்பளத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. வாசலில் நிற்கும் காவலாளியின் சம்பளம் வரை பட்டியலில் வரும். ஒப்பந்தத்தில் வருகிறவர் "ஊழியர்" இல்லை என்று சொல்லி அவரை மட்டும் விட்டுவிடுவார்கள். ஆகாசவாணியில் பாடுகிற, வாசிக்கிற கலைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பி, பி-ஹை, ஏ என்று தேர்வு வைத்துத் தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்ற தொகையைக் கொடுக்கிறார்கள். நம் பக்கத்து நாதசுரக்காரர்கள் அந்த "ஏ கிரேடு" என்பதைக் கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வார்கள். விகிதம் தெரிந்தால் கௌரவம் போய்விடும் என்பது உண்மையாக இருந்தால், அவர்கள் எல்லோரும் எப்போதோ ஓடி ஒளிந்திருக்க வேண்டும்.

நீங்கள் "இன்னாருக்கு எவ்வளவு?" என்று கேட்டால் வரப்போகும் பதிலை இப்போதே எழுதித் தருகிறேன்: "தனிப்பட்ட தகவல், தர இயலாது." முன்பு இந்த விலக்கைப் பயன்படுத்த, அந்தத் தகவலுக்குப் பொது நடவடிக்கையோடு சம்பந்தமில்லை என்றாவது, தனிமையில் தேவையில்லாமல் நுழைவதாகும் என்றாவது காட்ட வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரிகளை வெட்டிவிட்டது. 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. தயாரிப்பு நிறுவனம் வழியாக ஒப்பந்தம் என்றால் "வணிக ரகசியம்" என்ற இன்னொரு பூட்டும் தொங்கும். ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: மறைப்பதால் வரும் நன்மையைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிதானால் கொடுக்கலாம். அதை மனுவில் ஒரு வரியாக எழுதிவையுங்கள்.

நானே ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகம் நடத்திய விழாவில் பேசிய பிரமுகருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பெயர் போட்டு மனு அனுப்பினேன். இருபத்தொன்பதாம் நாள் ஒற்றை வரியில் மறுப்பு வந்தது. யோசித்துப் பார்த்து, பெயரே இல்லாமல், "அந்த விழாவின் செலவுப் பட்டியலும் வவுச்சர் நகல்களும்" என்று கேட்டேன். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொன்னார்கள். பதினான்கு பக்கம் வந்தது. மாலை, பொன்னாடை, நெய் ரோஸ்ட் எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பிரமுகரும் இருந்தார்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: அந்த நிகழ்ச்சிக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை கொடுத்த மொத்தத் தொகை, ஒளிபரப்பான பகுதிகளின் எண்ணிக்கை, ஒப்பந்தத்தின் நகல், அதற்கு ஒப்புதல் தந்த கோப்பின் குறிப்புகள், டெண்டர் விட்டார்களா நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்களா என்ற விவரம், அந்த நேரத்தில் வந்த விளம்பர வருமானம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். பெரிய தொகை என்பதாலேயே அது தப்பாகிவிடாது. கொடுத்ததைவிட நிகழ்ச்சி அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்திருக்கலாம். அப்படி இருந்தால் அதையும் நான்கு பேரிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு.

நடைமுறை உங்களுக்குப் பழகியதுதான். மத்திய அமைப்பு என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், மாநில அமைப்பு என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். மனு கிடைத்து 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்தது திருப்தி இல்லாவிட்டாலும், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஆணையத்தில் காலம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

தங்கை மகளின் விஷயத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். அவள் பயத்தைச் சின்னப் பெண்ணின் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். மாதத்தில் ஆறு முறை கூப்பிடுகிறவர்கள் அடுத்த மாதம் கூப்பிடாமல் இருந்துவிட்டால் அதற்கு எந்த உத்தரவும் எழுத வேண்டியதில்லை; போன் வராது, அவ்வளவுதான். அவள் உங்களுக்கு என்ன உறவு என்பது மதுரையில் ஒரு காபி ஆறுவதற்குள் தெரிந்துவிடும். எனவே மனுவில் உங்கள் பெயர் வேண்டாம். உங்களோடு ஓய்வுபெற்ற நண்பர்களில், அந்த நிலையத்தில் உறவு எதுவும் இல்லாத ஒருவர் கையெழுத்துப் போடட்டும். ஒப்பந்தம் எங்கே கையெழுத்தானதோ அந்தத் தலைமை அலுவலகத்துக்கு நேராக அனுப்புங்கள், நிலையத்துக்கு வேண்டாம். வீட்டில் அவள் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தைகூட மனுவில் இருக்கக் கூடாது. பகுதிநேர அறிவிப்பாளர்களுக்கு ஒரு பணிக்கு என்ன விகிதம், கடைசியாக எப்போது உயர்த்தினார்கள் என்று கேட்கக் கை துறுதுறுக்கும். நியாயமான கேள்வி. ஆனால் அது அவளுடைய கேள்வி. அவள் சரி என்று சொல்லும் நாளில் தனி மனுவாகப் போகட்டும்.

பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள். பெயர்களை இந்த முறை போலவே எடுத்துவிடுவேன். தொகையை எடுக்க மாட்டேன்.