கவுன்சலிங்குக்கு மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: என் மகன் டர்பனில் வார்சிட்டியில் (பல்கலைக்கழகத்தில்) இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ரெஸ்ஸில் (மாணவர் விடுதியில்) தங்கியிருக்கிறான். இரண்டு மாதமாக இரவெல்லாம் விழித்திருக்கிறான், காலை வகுப்புக்குப் போவதில்லை. வார இறுதியில் வீட்டுக்கு வந்தாலும் கதவைச் சாத்திக்கொள்கிறான். கேம்பஸ் கவுன்சலிங்குக்குப் போனவனுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். "இனிமேல் போகமாட்டேன்" என்கிறான். எங்களுக்கு மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) ஹாஸ்பிடல் பிளான் மட்டும்தான். வெளியே தெரிந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்று அவன் அப்பா தயங்குகிறார். எங்கே போவது?
(சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: மூன்று வாரம் என்று சொன்னதும் அதோடு வழி அடைபட்டுவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். அவன் தட்டியது ஒரு கதவைத்தான், இன்னும் சில இருக்கின்றன. அதற்கு முன்னால் நீங்கள் அவனிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: "செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?" சுற்றி வளைக்காமல் இதே வார்த்தைகளில் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லா அம்மாக்களும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. பெரும்பாலும், ஒருவராவது கேட்டாரே என்று பிள்ளை மூச்சு விடுகிறது. "ஆமாம்" என்று சொன்னாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ அவனைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள். 0800 567 567 என்ற எண்ணை அழையுங்கள். இது தற்கொலைத் தடுப்புக்கான 24 மணி நேர இலவச லைன், குடும்பத்தாரும் பேசலாம். நிலைமை கைமீறுவது போலிருந்தால் ஆர்.கே. கான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே கூட்டிப்போய்விடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், முதலில் அந்த மூன்று வாரத்தைப் பார்ப்போம். பரீட்சை நெருங்கும் மாதங்களில் கேம்பஸ் கவுன்சலிங்கில் கூட்டம் அலைமோதும். பையன் போய் "ஒரு அப்பாயின்ட்மென்ட் வேண்டும்" என்று மட்டும் சொல்லியிருப்பான், நம் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். ரிசப்ஷனில் இருப்பவர் டைரியைப் பார்த்து அடுத்த காலியிடத்தைக் கொடுத்திருப்பார். ஆனால் பெரும்பாலான இடங்களில் அவசரமாக வருகிறவர்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அது டைரியில் தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே மறுபடி போகும்போது அறிகுறியையும் நாளையும் சேர்த்துச் சொல்லட்டும்: "இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, வகுப்புக்குப் போக முடியவில்லை, இத்தனை டெஸ்ட் தவறிவிட்டது, இன்றே யாராவது என்னைப் பார்க்க முடியுமா?" கூச்சமாக இருந்தால் இதை ஒரு தாளில் எழுதி நீட்டினாலும் போதும். கேன்சலேஷன் லிஸ்டில் பெயர் சேர்க்கச் சொல்லட்டும். பழைய தேதியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இடைப்பட்ட நாட்களுக்கு ஹயர் ஹெல்த் இருக்கிறது. வார்சிட்டி, டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரி மாணவர்களுக்கென்று உயர்கல்வித் துறையின் கீழ் இயங்கும் அமைப்பு இது. 0800 36 36 36 எந்த நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை. பேச வாய் வராத பையன்கள் 43336-க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவனுக்கு இந்த எண் போனில் சேவ் ஆகியிருப்பதே பெரிய விஷயம், நீங்களே சேவ் செய்து கொடுங்கள்.

இனி மெடிக்கல் எய்ட். ஹாஸ்பிடல் பிளான் என்றால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் வரும் என்று ஊரே நம்புகிறது. முழு உண்மை அதுவல்ல. எந்த பிளானாக இருந்தாலும் ஸ்கீம் கட்டாயம் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சப் பலன்கள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. பிஎம்பி என்பார்கள். தீவிர மனச்சோர்வு அதில் உண்டு. வருடத்தில் 3 வாரம் வரை உள்நோயாளி சிகிச்சை, அல்லது வெளியிலிருந்தபடியே 15 முறை வரை சைக்காலஜிஸ்டைப் பார்ப்பது. பதற்றம் மட்டும் என்றால் பொதுவாக அதில் வராது. அதனால் டாக்டர் எழுதும் நோய்க்குறியீடுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதலில் உங்கள் ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) போங்கள், தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் அவர் சோதித்துவிடட்டும். மனச்சோர்வு என்று அவர் முடிவு செய்தால், சிகிச்சை தொடங்கும் முன்பே ஸ்கீமுக்கு போன் போட்டு, "பிஎம்பியில் பதிவு செய்ய என்ன படிவம்? உங்கள் பட்டியலில் டர்பனில் எந்த சைக்காலஜிஸ்ட் இருக்கிறார்?" என்று கேளுங்கள். அவர்கள் பட்டியலில் இல்லாதவரிடம் போனால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். போனில் பேசியவரின் பெயரையும் ரெஃபரன்ஸ் நம்பரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் "அப்படிச் சொல்லவில்லையே" என்று அவர்கள் கைவிரிக்கும்போது உதவும்.

மெடிக்கல் எய்டே இல்லாத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு கிளினிக்கில் பார்ப்பதற்குப் பணம் இல்லை. வரிசை நீளம்தான், காலை சீக்கிரம் போக வேண்டும். சைக்காலஜிஸ்டின் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், ஹெச்பிசிஎஸ்ஏவில் (மருத்துவத் தொழிலில் இருப்பவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலில்) பதிவு செய்த ரெஜிஸ்டர்ட் கவுன்சலரைப் பார்க்கலாம். கட்டணம் பெரும்பாலும் குறைவு. லேசான, நடுத்தர நிலைக்கு அது போதும் என்பது என் கருத்து. பதிவு உண்மைதானா என்று ஹெச்பிசிஎஸ்ஏ இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுங்கள். "ஹீலர்", "லைஃப் கோச்" என்ற போர்டுகள் டர்பனில் பெருகிவிட்டன.

அப்பாவின் பயத்துக்கு வருவோம். பதினெட்டு வயது தாண்டிய பையன் சொன்னதை, உயிருக்கு ஆபத்து போன்ற காரணம் இல்லாமல், கவுன்சலர் யாரிடமும் சொல்லக்கூடாது. வார்சிட்டி லெக்சரரிடமும் சொல்லக்கூடாது, உங்களிடமும் கூடாது. இதை அவனிடம் நீங்களே சொன்னால், அவன் திரும்பப் போகாததற்குப் பாதிக் காரணம் கரைந்துவிடும். ஒரே ஓட்டை மெடிக்கல் எய்ட்தான். ஸ்டேட்மென்ட் மெயின் மெம்பர் பெயரில், அதாவது அப்பாவுக்குத்தான் வரும். யாரைப் பார்த்தான் என்பது அதில் தெரியும். அந்தத் தாளைச் சமையல் மேடையில் பரப்பி வைத்து அத்தையும் சித்தப்பாவும் படிக்க விடாமலிருந்தால், ஊருக்குத் தெரிய வேறு வழியில்லை.

கோயில், காவடி நேர்த்தி, திருஷ்டி சுற்றுவது எல்லாம் நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரியும். தாராளமாகச் செய்யுங்கள். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் விரதம் என்று சொல்லி அதை நிறுத்த மட்டும் கூடாது. அந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சில சமயம் படபடப்பு கூடும். அப்போது பக்கத்தில் இருங்கள், டாக்டருக்கு போன் செய்யுங்கள்.

படிப்பு விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் படிப்பு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுப்பார்கள். நம் ஊர் ரோபோதான் (டிராஃபிக் லைட்), ரோட்டிலிருந்து ரிசல்ட்டுக்கு வந்துவிட்டது. ஆரஞ்சு வந்தபிறகு ஓடுவதைவிட இப்போதே தெரிவிப்பது நல்லது. எந்த வார்சிட்டியானாலும் பரீட்சை எழுத முடியாமல் போனால் ஸ்பெஷல் எக்ஸாமுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கும். பரீட்சை தேதியிலிருந்து எண்ணினால் அவகாசம் ஒருசில நாட்கள்தான், டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். அதில் நோயின் பெயரை எழுத அவன் சம்மதம் தேவை. வேண்டாம் என்றால் "மருத்துவக் காரணம்" என்று மட்டும் எழுதித் தருவார்கள். அவன் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.